கடைக்கு ரெண்டு லைன், அப்பாயிக்கு ஒரு போன்: அடாப்டர் வாங்கி மாட்டிய அனுபவம்

ஐப்பசி மழை தொடங்கினால் சித்தப்பா கடை போனில் இரைச்சலும் தொடங்கிவிடும். கும்பகோணத்தில் பாத்திரக் கடை. தெருமுனையில் போன் ஒயர்கள் வீடு வீடாகப் பிரியும் டிபி பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதும் காதில் கரகரவென்று சத்தம், நடுநடுவே வேறு யாரோ பேசுவது, அப்புறம் ஒரேயடியாக லைன் செத்துப்போவது என்று ஒவ்வொரு வருடமும் இதே வரிசை. போன வருடம் லைன்மேன் அண்ணனே வந்து சொல்லிவிட்டார்: "இந்த காப்பர் கேபிளை இனிமே யாரும் மாத்த மாட்டாங்க. ஃபைபருக்குப் போயிடுங்க. நம்பர் அதேதான் இருக்கும்."

சித்தப்பாவுக்கு முக்கியம் அந்தக் கடைசி வாக்கியம்தான். கடை மஞ்சப்பையில், சீர்வரிசை பில் புத்தகத்தில், வருடா வருடம் கொடுக்கும் காலண்டரில் எல்லாம் அந்த நம்பர்தான். அம்மா கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்த குடும்பம், மகள் கல்யாணத்துக்கும் அதே நம்பருக்குத்தான் கூப்பிடுகிறது. என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "நம்பர் மாறக்கூடாது தம்பி. போனை எடுத்தா டோன் வரணும். அப்பாயி வீட்டு போனும் நிக்கக்கூடாது. மத்ததை நீயே பார்த்துக்க."

இந்த மாதிரி வேலைக்கு இறங்கும் பலரும் முதலில் செய்வது, பழைய போனை இன்டர்நெட் வழியாகப் பேச வைக்கும் சின்னப் பெட்டியான அடாப்டருக்கு ஆன்லைனில் விலை பார்ப்பது. நானும் அதைத்தான் செய்து ஒரு தடவை பணத்தை விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செய்ய வேண்டியது, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இருக்கிற போன்களையும் ஒயர்களையும் சுற்றிப் பார்ப்பது. எந்த அடாப்டர் வேண்டும் என்பதை முக்கால்வாசி அந்தப் பழைய போன்களே முடிவு செய்துவிடும்.

என் நோட்டில் எழுதியது இது. கடையில் ரெண்டு காப்பர் லைன். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த நம்பர், இன்னொன்று வெளியே கூப்பிடுவதற்கு. ரெண்டும் பரண் மேல் இருக்கும் பானசோனிக் 824 இன்டர்காம் பெட்டிக்குள் போகின்றன. அதிலிருந்து கல்லா, எடை மேடை, மாடி, பின்பக்க குடோன் என்று எட்டு எக்ஸ்டென்ஷன். சித்தப்பா மேஜையில் தனியாக ஒரு கார்ட்லெஸ். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டில், அப்பாயி அறையில் பீட்டல் பட்டன் போன், சமையல்கட்டில் கூடுதலாக ஒரு மணி, மாடியில் யாரும் தொடாத இன்னொரு போன். வீட்டு லைனும் காப்பர்தான், தனி நம்பர். ஆனால் அப்பாயி அதில் பேசுவதில் பாதிக்கு மேல் கடைக்குத்தான்: மத்தியானச் சாப்பாடு அனுப்பியாச்சா, யார் வந்தார்கள், பால் வாங்கி வர வேண்டும். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. செல்போன் திரை அவர் விரலுக்குப் பிடிபடவில்லை. ரிசீவரை எடுத்தால் பேசலாம், வைத்தால் முடிந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் இந்த வேலையில் என் கணக்குப்படி கடையைவிட அவருடைய போன்தான் முக்கியம்.

இந்த அடாப்டரில் எல்லாரையும் குழப்புகிற விஷயம் ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று போட்டிருப்பார்கள். ரெண்டுக்கும் ஒரே மாதிரி சின்ன சதுர சாக்கெட்தான். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நான் இதை மின்சாரத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். பழைய போனுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே ரெண்டு ஒயர் வழியாக சுமார் 48 வோல்ட் வருகிறது. மணி அடிக்கும்போது அதன் மேல் 75, 90 வோல்ட் என்று ஏசி ஏறுகிறது. இப்படி மின்சாரமும் டோனும் மணியும் தருகிற பக்கம் எஃப்எக்ஸ்எஸ். அதை வாங்கிக்கொள்கிற பக்கம் எஃப்எக்ஸ்ஓ. போன் வாங்குகிற பக்கம். இன்டர்காம் பெட்டியில் வெளி லைன் செருகும் சாக்கெட்டும் வாங்குகிற பக்கம். அதே பெட்டியின் எக்ஸ்டென்ஷன் சாக்கெட் தருகிற பக்கம். ஒரு தருகிற பக்கத்தை ஒரு வாங்குகிற பக்கத்தோடுதான் சேர்க்க வேண்டும். தருகிற ரெண்டு பக்கத்தைச் சேர்த்துவிட்டால் பெட்டிகளில் ஒன்று கெட்டுப்போகலாம். எனவே போனுக்கோ இன்டர்காம் பெட்டியின் வெளி லைனுக்கோ வேண்டியது எஃப்எக்ஸ்எஸ் போர்ட் உள்ள அடாப்டர். எஃப்எக்ஸ்ஓ உள்ளதை வாங்கி போனைச் செருகினால் டோன் வராது.

இது புரிந்ததும் பாதிச் செலவு தானாகக் குறைந்தது. ஃபைபர் போட வந்தவர்கள் கடைச் சுவரில் மாட்டிய, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் அடியில் பார்த்தால், நெட்வொர்க் சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் டெல் என்று எழுதிய சின்ன சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதுவே ஒரு எஃப்எக்ஸ்எஸ் போர்ட். கம்பெனி அந்தப் பழைய நம்பரை அந்தப் பெட்டிக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. கையில் ஒரு சாதாரண போனை எடுத்துப்போய் அதில் செருகினேன். டோன் வந்தது. என் செல்லுக்குக் கூப்பிட்டேன், அதே நம்பர் திரையில் விழுந்தது. சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் செல்லை வாங்கி நம்பரை ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். ஆக முக்கியமான நம்பருக்கு அடாப்டரே வேண்டாம். ஓஎன்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இன்டர்காம் பெட்டியின் முதல் வெளி லைனில் செருகியதோடு அது முடிந்தது. வீட்டிலோ கடையிலோ ஃபைபர் வைத்திருப்பவர்கள் அடாப்டர் தேடுவதற்கு முன் இந்த சாக்கெட்டைப் பாருங்கள். பல பேர் அது இருப்பதையே கவனிப்பதில்லை.

மிச்சம் இருந்தது மூன்று: கடையின் ரெண்டாவது லைன், சித்தப்பாவின் கார்ட்லெஸ், அப்பாயியின் போன். ரெண்டாவது காப்பர் நம்பரையும் வீட்டு நம்பரையும் ஒப்படைத்துவிட்டு, இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு உரிமம் உள்ள ஒரு நிறுவனத்திடம் மூன்று சிப் (SIP, இன்டர்நெட் வழியாகப் பேச்சை இணைக்கும் முறை) கணக்கு எடுத்தோம். நம் நாட்டில் 2018-ல்தான் இணையம் வழியாகச் சாதாரண போன்களுக்குப் பேசுவதற்கு விதிகள் தெளிவாயின. அதுவும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான். விலை குறைவு என்று வெளிநாட்டுக் கணக்கு எதையாவது எடுத்து உள்ளூருக்குக் கூப்பிடுவது சரியில்லை, கடை பெயரில் செய்யவே கூடாது. மூன்று கணக்கும் ஒரே நிறுவனத்திடம் இருப்பதால், அவற்றுக்குள் மூன்று இலக்க நம்பரில் பேசிக்கொள்ளலாம், காசு இல்லை. அப்பாயிக்கு இது போதும்.

இப்போது அடாப்டர். முதல் தவறு இங்கேதான். பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது. பார்க்க நன்றாக இருந்தது, டோன் கூட வந்தது. ஆனால் செட்டிங் பக்கத்தில் சிப் கணக்கு போடும் இடமே திறக்கவில்லை. வெளிநாட்டில் ஏதோ ஒரு சேவை தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பெட்டி. அந்தச் சேவைக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டி வைத்திருக்கிறார்கள். ரீசெட் செய்தாலும் பூட்டு போகாது. பழையது வாங்குவதாக இருந்தால், விற்பவர் முன்னாலேயே செட்டிங் பக்கத்தைத் திறந்து, சர்வர் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அப்புறம் சிஸ்கோ எஸ்பிஏ 112 ஒன்றைப் பார்த்தேன். நல்ல பெட்டி, ரெண்டு போர்ட், பேச்சுத் தெளிவு பிரமாதம். ஆனால் சிஸ்கோ அதன் விற்பனையை எப்போதோ நிறுத்திவிட்டது. இன்டர்நெட்டில் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், வராது என்றால் நான் அதைக் கடையில் வைக்க மாட்டேன். கடைசியில் கிராண்ட்ஸ்ட்ரீம் வரிசையில் நின்றேன். எச்டி 801-ல் ஒரு போன் போர்ட், 802-ல் ரெண்டு. 812-லும் ரெண்டுதான், ஆனால் கூடவே ரவுட்டர் வேலையும் செய்யும். 813-ல் ஒரு எஃப்எக்ஸ்எஸ், ஒரு எஃப்எக்ஸ்ஓ, அதாவது பழைய லேண்ட்லைனையும் அதில் செருகலாம். 814-ல் நாலு போர்ட். கடைக்காரர் 812-ஐத்தான் எடுக்கச் சொன்னார், கிகாபிட் என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை. ஒரு பேச்சுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி 711 முறையில் குரல் மட்டும் நொடிக்கு 64 கிலோபிட். அதை நெட்வொர்க்கில் அனுப்பச் சுற்றும் மேல் உறைகளெல்லாம் சேர்த்தால் ஒரு திசைக்கு சுமார் 87 கிலோபிட். ரெண்டு போனும் ஒரே நேரத்தில் பேசினால்கூட ஃபைபரில் அது கடலில் ஒரு கைப்பிடி. தவிர, ஓஎன்டியே ரவுட்டராக இருக்கும்போது அதற்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை வைத்தால், சிப் பேச்சு ரெண்டு கதவைத் தாண்ட வேண்டும். தொல்லை ரெட்டிப்பாகும். 813 வேண்டாம், நம்மிடம் காப்பர் லைனே மிச்சமில்லை. ஆகவே கடைக்கு 802, வீட்டுக்கு 801.

இந்தப் பெட்டிகளில் வைஃபை கிடையாது. நெட்வொர்க் கேபிள் கட்டாயம். கடையில் ஓஎன்டி கல்லாவுக்குப் பின்னால், இன்டர்காம் பெட்டி பரண் மேல். 802-ஐப் பரணிலேயே வைத்து ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் ஏற்றினேன். சித்தப்பாவின் கார்ட்லெஸ்ஸுக்குப் பழைய ஒயரே கீழே இறங்குகிறது.

வீட்டில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ரவுட்டர் கூடத்தில். அப்பாயி அறை ரெண்டு சுவர் தள்ளி. அறைக்குப் புதிதாக கேபிள் இழுத்தால் சுவரைக் குடைய வேண்டும். ஆனால் சுவருக்குள் ஏற்கெனவே போன் ஒயர் ஓடுகிறது. முன்னால் அது தெருவிலிருந்து வந்து கூடத்துச் சுவரில் ஒயர்களைச் சேர்க்கும் சின்ன ரோசட் பெட்டியில் இறங்கி, அங்கிருந்து அறைக்கும் சமையல்கட்டுக்கும் மாடிக்கும் பிரிந்தது. இப்போது தெருவுக்குப் பதிலாக அடாப்டரிலிருந்து அந்த ரோசட்டுக்குக் கொடுத்தால் வீடு முழுக்க அதே ஒயரில் போன் வேலை செய்யும். அப்பாயியின் போனை அதன் இடத்திலிருந்து ஒரு அங்குலம்கூட நகர்த்த வேண்டாம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கவனமாகப் படியுங்கள். தெருவிலிருந்து வரும் ஒயரைக் கழற்றாமல் அடாப்டரை அந்த ரோசட்டில் செருகினால், எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் அடாப்டரின் மின்சாரமும் நேருக்கு நேர் மோதும். மேலே சொன்ன, தருகிற ரெண்டு பக்கத்தைச் சேர்க்கிற தப்பு இதுதான். லைனை ஒப்படைத்துவிட்டோம், அதனால் செத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் ரோசட் மூடியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தேன். விண்ணப்பம் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் 49 வோல்ட் காட்டியது. உள்ளே ரெண்டு பித்தளை ஸ்க்ரூ, ரெண்டிலும் பச்சைக் களிம்பு. ஒயர் முனையைத் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மழைக்கால இரைச்சலில் பாதி இந்தக் களிம்பில்தான் இருந்திருக்கும். கூட வந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா கடையில களிம்பு எடுக்கறோம், வீட்டுல இது இருந்தது தெரியலையே" என்றார். தெரு ஒயரை முழுவதும் வெளியே எடுத்து, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கி வைத்தேன். இது இடி மின்னலுக்கும் ஓரளவு பாதுகாப்பு, கம்பத்து போன் ஒயர் வழியாக இனி எதுவும் வீட்டுக்குள் நுழையாது. உள் ஒயர்களின் முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, ஸ்க்ரூவையும் மாற்றினேன். மறுபடி மீட்டர் வைத்து சைபர் காட்டியதும்தான் அடாப்டரைச் செருகினேன்.

டோன் வந்தது. அப்பாயி ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது நம்ம போன் சத்தம் இல்லையேப்பா" என்றார்.

அவர் சொன்னது சரி. அடாப்டர் அமெரிக்கக் கணக்கில் வந்திருக்கிறது. அங்கே டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ரெண்டும் கலந்தது. நம் ஊர் டோன் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது. முப்பது வருடம் அதைக் கேட்ட காதுக்கு வித்தியாசம் உடனே தெரிகிறது. மணியும் அப்படித்தான். அமெரிக்க மணி ரெண்டு நொடி நீளமாக ஒரே இழுப்பாக அடித்து நாலு நொடி நிற்கும். நம்முடையது 0.4 நொடி அடித்து, 0.2 நொடி நின்று, மறுபடி 0.4 அடித்து, ரெண்டு நொடி ஓயும். ட்ரிங்-ட்ரிங், ஓய்வு, ட்ரிங்-ட்ரிங். சமையல்கட்டு மணி அந்த நீள இழுப்பில் அடித்தபோது அப்பாயி வாசல் மணி என்று நினைத்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முட்டி வலியோடு அவர் திரும்பி வந்ததைப் பார்த்து எனக்குக் கஷ்டமாகிவிட்டது. முதல் வேலையாக அதைத்தான் மாற்றினேன்.

மாற்றும் முறை கஷ்டமில்லை. போனில் ஸ்டாரை மூன்று முறை அழுத்தி, பிறகு 02 அழுத்தினால் அடாப்டர் தன் ஐபி முகவரியை வாய்விட்டுச் சொல்லும். அதே நெட்வொர்க்கில் இருக்கும் லேப்டாப்பில் அந்த முகவரியைத் திறந்தால் செட்டிங் பக்கம். புதுப் பெட்டிகளில் பாஸ்வேர்டு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. போன் போர்ட்டுக்கான பக்கத்தில் மணி இடைவெளி, மணியின் அதிர்வெண், டோன், லைன் மின்தடை எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. மணியின் அதிர்வெண் 20 என்று வரும், 25 ஹெர்ட்ஸ் ஆக்கினேன். நம் ஊர் மணிகள் அதற்குச் செய்யப்பட்டவை. லைன் மின்தடைப் பட்டியலில் இந்தியா, நியூசிலாந்து என்று சேர்த்து ஒரு வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்ததும் பேசுகிறவர் குரலே அவருக்குத் திரும்பிக் கேட்கும் எதிரொலி குறைந்தது. குரல் முறையில் ஜி 711 ஏ-லா முதலில் வரும்படி வைத்தேன். இங்கே எக்ஸ்சேஞ்சுகள் பேசுவது அதுதான். அப்பாயி மறுபடி எடுத்துக் கேட்டார். "ம், இது பரவாயில்லை."

அடுத்து டயல். அப்பாயி எண்களை அழுத்தினார், காதில் கட கட கட என்று சத்தம் வந்ததே தவிர எதுவும் நடக்கவில்லை. போனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பி, டி என்று சின்ன நகர்த்துப் பொத்தான், பி-யில் நிற்கிறது. பல்ஸ். அவர் போன் வாங்கிய காலத்தில் எக்ஸ்சேஞ்ச் டோனைப் புரிந்துகொள்ளாது, கனெக்‌ஷனைத் துண்டித்துத் துண்டித்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு எக்ஸ்சேஞ்ச் மாறியும் பொத்தான் மாறவில்லை, பழைய முறையும் வேலை செய்துகொண்டே இருந்தது. நகத்தால் தள்ளி டி-யில் வைத்ததும் சரியாகிவிட்டது. சுழற்றும் டயல் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பொத்தான் இருக்காது. அவர்கள் பல்ஸ் டயலைப் புரிந்துகொள்ளும் அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லா அடாப்டரிலும் அது இல்லை. கிராண்ட்ஸ்ட்ரீமில் செட்டிங்கில் இயக்கிக்கொள்ளலாம்.

எண்ணை அழுத்திய பிறகு நாலு நொடி அமைதி. அடாப்டர் இன்னும் எண் வருமா என்று காத்திருக்கிறது. அப்பாயி போகவில்லை என்று நினைத்து வைத்துவிடுவார். அதற்கு டயல் திட்டம் என்று ஒரு வரி இருக்கிறது, எத்தனை இலக்கம் ஆனால் உடனே கூப்பிடலாம் என்று அதில் எழுதி வைக்கலாம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேச முன்னால் சைபர் போட வேண்டும் என்று வந்ததே, அதை அப்பாயி மிகச் சிரமப்பட்டுப் பழகியிருக்கிறார். எனவே சைபரில் தொடங்கினால் 11 இலக்கம் முடிந்த உடனே, 1-ல் தொடங்கும் மூன்று இலக்கம் என்றால் அப்போதே, என்று எழுதினேன். காத்திருப்பு போய்விட்டது. 108, 112 ரெண்டும் அந்த மூன்று இலக்கத்தில் அடங்கும்படி பார்த்துக்கொண்டேன். கடையின் உள் நம்பரும் அதே வரிசையில்தான் வருகிறது.

இன்னொன்று செய்தேன். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ரிசீவரை எடுத்து ஆறு நொடி எந்த எண்ணையும் அழுத்தாமல் இருந்தால், அடாப்டர் தானாகவே சித்தப்பா மேஜை கார்ட்லெஸ்ஸைக் கூப்பிடும்படி வைத்தேன். இரவில் கண் தெரியாமல் போனாலோ, கீழே விழுந்து எட்டிப் பிடித்தாலோ, ரிசீவரை எடுத்தால் மட்டும் போதும். இரவில் கார்ட்லெஸ் எடுக்க ஆள் இருக்காது என்பதால் அந்தக் கணக்கு சித்தப்பாவின் செல்லுக்குத் திரும்பும்படியும் செய்தாயிற்று.

காலர் ஐடியில் அரை நாள் போனது. அப்பாயி போனில் சின்னத் திரை உண்டு. அதில் நம்பர் வரவே இல்லை. அடாப்டர் முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவே எஃப்எஸ்கே என்ற முறையில் எண்ணை அனுப்புகிறது. நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகள் பல, லைனின் பிளஸ், மைனஸைத் திருப்பிப்போட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்பே டிடிஎம்எஃப் ஒலிகளாக (பட்டனை அழுத்தினால் கேட்கும் அதே ஒலிகள்) எண்ணை அனுப்பிப் பழகியவை. பழைய போனுக்கு அது மட்டும்தான் தெரியும். பட்டியலில் ஈடிஎஸ்ஐ டிடிஎம்எஃப், மணிக்கு முன், லைன் திருப்பலுடன் என்ற வரியைத் தேர்ந்தெடுத்ததும் நம்பர் விழுந்தது. கடையில் இருக்கும் புது கார்ட்லெஸ் ரெண்டு முறையும் படிக்கிறது, அதற்கு எதையும் தொடவில்லை.

மணிச் சத்தம் ஏன் மெலிந்திருக்கிறது என்று பார்த்தால், மாடியில் யாரும் தொடாத அந்த போனும் அதே லைனில் தொங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்ச் இதைவிடக் கூடுதல் மணியைத் தள்ளும். இந்தச் சின்னப் பெட்டிகள் ரெண்டு, மூன்று பழைய மணிக்கு மேல் தள்ளாது. மாடி போனைக் கழற்றினேன், சமையல்கட்டு மணி பழையபடி கணீரென்று அடித்தது. வீடு முழுக்க ஐந்தாறு போன் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று கிளம்பின மறுநாள் சித்தப்பா கூப்பிட்டார். கடையிலிருந்து வீட்டுக்குப் பேசினால் நடுவில் அறுந்துபோகிறது. அப்பாயி கடைக்குப் பேசினால் அறுவதில்லை. எப்போது அறுகிறது என்று கடிகாரம் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் கடந்த உடனே. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிப் முறையில், போனை எடுத்தவுடன் அடாப்டர் "எடுத்துவிட்டேன்" என்று சர்வருக்குச் செய்தி அனுப்பும். சர்வர் "சரி" என்று ஒரு பதில் அனுப்ப வேண்டும். அந்த "சரி" வராவிட்டால் அடாப்டர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு 32 நொடியில் பேச்சை முறித்துவிடும். குரல் போய்க்கொண்டே இருக்கும், அதனால் பேசுகிறவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். அந்த "சரி"யைத் தொலைப்பது பெரும்பாலும் ரவுட்டரில் இருக்கும் சிப் ஏஎல்ஜி என்ற வசதி. உதவி செய்வதற்காக வைத்தது, செய்திக்குள் இருக்கும் முகவரியைத் திருத்துகிறேன் என்று தப்பாகத் திருத்தி வைத்துவிடுகிறது. வீட்டு ரவுட்டரில் அதை அணைத்தேன், அடாப்டர் 20 நொடிக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிப் பார்க்கும்படி வைத்தேன். அதன் பிறகு அறுந்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வெளியிலிருந்து அழைப்பு வராமல் போவது, இவையும் பெரும்பாலும் இதே இடத்துக் கோளாறுதான். அடாப்டரைக் குறை சொல்லி மாற்றும் முன் ரவுட்டரைப் பாருங்கள். இதைச் சரிசெய்ய ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திறந்த சிப் போர்ட்டைத் தேடிக்கொண்டு இணையத்தில் எந்நேரமும் ஆட்கள் அலைகிறார்கள். உள்ளே வந்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள். நாங்கள் ஐஎஸ்டி வசதியையே மூடச் சொல்லிவிட்டோம்.

கடையில் வந்தது வேறு கோளாறு. ரெண்டாவது லைனில் பேசி முடித்து எதிர்ப்பக்கம் வைத்துவிட்டாலும், பரண் மேல் இன்டர்காம் பெட்டி லைனை விடுவதில்லை. யாராவது கூப்பிட முயன்றால் லைன் பிஸி. மனிதர் என்றால் பீப் பீப் கேட்டு வைத்துவிடுவார், பெட்டிக்கு அது தெரியவில்லை. பேச்சு முடிந்ததும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரத்தை நிறுத்திக் காட்டினால் பெட்டி புரிந்துகொள்ளும். 802-ல் கரண்ட் டிஸ்கனெக்ட் என்ற செட்டிங்கை இயக்கினேன், இன்டர்காம் பெட்டியிலும் அதைக் கவனிக்கும் வசதியை புரோகிராம் போனிலிருந்து இயக்கினோம். ரெண்டு பக்கமும் செய்தால்தான் வேலை நடக்கும். இன்டர்காம் பெட்டியோடு இணைக்க அடாப்டர் தேடுகிறவர்கள் இந்த ஒரு வசதி இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

ஃபேக்ஸ் யாரும் கேட்கவில்லை. கேட்பவர்கள், ஃபேக்ஸை இன்டர்நெட் வழியாக அனுப்பும் டி 38 வசதி சர்வர் பக்கமும் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை சித்தப்பாவுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். காப்பர் லைனில் ஊரே இருட்டானாலும் போன் வேலை செய்யும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி இருக்கிறது. இப்போது ஓஎன்டி, ரவுட்டர், அடாப்டர் எல்லாவற்றுக்கும் நம் வீட்டுக் கரண்ட்தான். அப்பாயி தனியாக இருக்கும் நேரத்தில் அது நடந்தால்? 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சேர்ந்து தரும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். ரவுட்டருக்கு 12, அடாப்டருக்கு 5. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், மூன்று மணி நேரம் கடந்தும் டோன் இருந்தது. பொருள் விலையைவிட இந்தச் சோதனைதான் எனக்கு நிம்மதி தந்தது. கடையில் இன்வெர்ட்டர் இருப்பதால் தனியாக வேண்டியிருக்கவில்லை.

இந்த ஐப்பசியில் தெருவில் முட்டி அளவு தண்ணீர் நின்ற அன்று காலை அப்பாயி கடைக்குக் கூப்பிட்டார். சித்தப்பா பேசிவிட்டு ரிசீவரைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். இரைச்சல் வருகிறதா என்று கேட்டாராம். வரவில்லை.

குடோன் எக்ஸ்டென்ஷனில் மட்டும் இன்னும் கரகரப்பு இருக்கிறது. அது இன்டர்காம் பெட்டியிலிருந்து முற்றம் தாண்டி மண்ணுக்கடியில் போகும் பழைய ஒயர். பைப் வாங்கி வைத்தாயிற்று, மழை விட்டதும் புதிதாக இழுக்க வேண்டும்.